இழைப்புளி அத்தான்

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு அவர் குடியிருக்கும் கட்டடத்தில் 'இழைப்புளி' என்று பெயர். தச்சர்கள் மரத்தைச் சீவ வைத்திருக்கும் கருவி அது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டால், "இழைப்புளி வருது, கதவைச் சாத்து" என்று ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அது அவர் காதிலும் விழும். தன்னைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள் என்ற வகையில் அவருக்கு அதில் திருப்திதான்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன். அக்காவைக் கட்டியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பாட்டில் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மற்றவர்கள் செய்த மூடியை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "தள்ளு" என்று சொல்வதுதான் அங்கே அவர் வேலை. வாழ்நாளில் தன் கையால் ஒரு மூடி செய்ததில்லை. அந்தச் சுருக்கிய கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவார். அக்கா போடும் டீ, மகள் வாங்கிய மதிப்பெண், என் அப்பா வாங்கிக் கொடுத்த கட்டில், எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து "பரவாயில்ல" என்பார். அவர் வாயில் பரவாயில்லை என்றால் தேறவில்லை என்று பொருள். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் அப்பாவிடம் அதே வார்த்தையைத்தான் சொன்னார். என் கணவர் இன்றுவரை அதை மறக்கவில்லை.

அக்கா வாயில்லாப் பூச்சி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது தப்பு. அவளுக்கு வாய் இருந்தது. இந்த மனிதரோடு பேசி வீணாக்க வேண்டாம் என்று சேர்த்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபின் அவருக்குத் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் படுக்கையறைக் கதவு இழுக்க ஆரம்பித்தது. மழைக்காலம். கதவைத் திறக்கும்போது பூட்டுப் பக்கத்து அடிமூலை தரையில் உரசி, கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. தரையில் வளைவாக ஒரு கோடும் விழுந்தது. அக்கா தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

தச்சர் ஒன்றும் பெரிய மேதாவி இல்லை. வருவதாகச் சொன்ன நாளில் வராமல், வேறொரு நாள், காதில் போனை இடுக்கிக்கொண்டே வந்தார். கதவின் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். கதவு லேசாக ஏறி இறங்கியது.

"மேல் கீல் ஆடுது. ஸ்க்ரூ பிடிக்கல. ஓட்டையில மரக்குச்சி அடிச்சு நீள ஸ்க்ரூ போட்டா கதவு தானா எழும்பிடும்" என்றார்.

இது யாருக்கும் புரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அத்தானுக்குப் புரியவில்லை. "உரசறது கீழ. நீ பாக்கறது மேல. கால்ல முள் குத்தினா தலைக்கு மருந்து போடுவியா?" என்று கேட்டார். அதைச் சொல்லிவிட்டு, நகைச்சுவையை யாராவது பாராட்டுகிறார்களா என்று அக்காவையும், அன்று அங்கே போயிருந்த என்னையும் பார்த்தார்.

தச்சர் காதிலிருந்த போனில், "இரு, இங்க ஒரு பெரிய மனுஷன் பாடம் எடுக்கறார்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அத்தான் ஒரு இழைப்புளி, ஒரு உளி, ஒரு சுத்தியல் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். கதவைக் கழற்றிக் கூடத்தில் கிடத்தி அடிப்பக்கத்தைச் சீவினார். எந்த மூலை உரசியது என்று அடையாளம் வைக்கத் தோன்றவில்லை. நேராக இருக்க வேண்டும் என்று முழு அகலத்துக்கும் சீவினார். சுருள் சுருளாக மரச்சீவல் விழுவதைப் பார்த்து அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கதவைத் திரும்ப மாட்டினார். மேல் கீல் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது? சில நாளில் கதவு இன்னும் கொஞ்சம் தொங்கி மறுபடி உரசியது. மறுபடி கழற்றினார். மறுபடி சீவினார். மழை நின்று மரம் காய்ந்தபோது, அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பூனை தாராளமாகக் குனிந்து போய்வரலாம் போல் இடைவெளி. ஒரு பூனை போகவும் செய்தது. மகளின் கட்டிலுக்கு அடியில் குட்டி போட்டது.

"காத்தோட்டம் நல்லா இருக்கு" என்றார் அத்தான்.

அப்புறம் அந்த இடைவெளியை மறைக்க ரப்பர் பட்டை அடித்தார். பட்டை தரையைப் பிடித்துக்கொண்டு கதவை நகரவிடவில்லை. பட்டையைக் கத்தரித்தார். கதவு தொங்கியதில் பூட்டின் நாக்கு நிலையில் இருந்த ஓட்டைக்குக் கீழே இடித்தது. கதவைத் தூக்கி நிறுத்துவதை விட்டுவிட்டு, ஓட்டையைக் கீழே வெட்டினார். பிறகு பக்கத்தில் வெட்டினார். கடைசியில் நிலையில் ஒரு பொந்து உண்டாயிற்று. கதவு மூடியது, ஆனால் நிற்கவில்லை. யாராவது எதிர் அறையில் தும்மினால் திறந்துகொண்டது.

ஒரு கதவோடு விட்டிருந்தால் நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கையில் சுத்தியல் கிடைத்தவனுக்குக் காண்பதெல்லாம் ஆணி என்பார்களே, அவருக்குக் காண்பதெல்லாம் கோணல். சமையலறைக் கதவு, பால்கனிக் கதவு, அலமாரிக் கதவு என்று நன்றாக இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கிடத்தினார். குளியலறைக் கதவைத் தொட்டபோதுதான் வீடு வீடாக இல்லாமல் போயிற்று. அதன் உள் தாழ்ப்பாளை நேராக்குகிறேன் என்று கழற்றி, மாட்டத் தெரியாமல் ஒரு கம்பிக் கொக்கியை முறுக்கி வைத்தார். கொக்கி போட்டாலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கதவு திறந்தே நிற்கும். அந்த வீட்டில் குளிக்கப் போனவர்கள் எல்லாம் இருமக் கற்றுக்கொண்டார்கள். நான் போனால் சத்தமாகப் பாடுவேன். என் குரல் வளம் அப்படி, யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். அக்கா மகள் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, இன்னொரு வாளியில் குளிப்பாள்.

அவள் அப்போது நர்ஸ் படிப்பில் இருந்தாள். வளர்ந்த பெண். உடை மாற்ற ஒரு அறை இல்லை. தோழியோடு போனில் பேச ஒரு மூலை இல்லை. அவள் பேசும்போது கதவு தானாகத் திறக்கும், கூடத்தில் நாற்காலியில் இவர் உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சரியில்ல போலிருக்கே" என்று கருத்தும் சொல்வார். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதவு நன்றாக மூடாததில் அவருக்கு உள்ளூர ஒரு லாபம் இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் தனக்குத் தெரியாமல் ஏதாவது நல்லபடியாக நடந்துவிடுமோ என்று பயப்படுகிற ஜாதி மனிதர் அவர்.

மகள் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். போகும் வழியில் என் வீட்டுக்கு வந்தாள்.

"விடுதியில ஒரு அறைக்கு நாலு பேர் சித்தி. ஆனா குளியலறைக் கதவு மூடுது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் முகத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

அத்தான் எல்லோரிடமும், "படிப்புல ரொம்பக் கவனம், அதான் விடுதிக்குப் போயிட்டா" என்று சொல்லித் திரிந்தார்.

தன் வீட்டுக் கதவுகள் தீர்ந்ததும் அவர் கட்டடத்துக்குள் இறங்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் படிக்குப் படி நின்று எல்லோர் வீட்டு நிலையையும் கோணல் என்றார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார்த்து, "இங்க பிடிக்குது பாருங்க" என்பார். பெரும்பாலோர் தப்பித்துக்கொண்டார்கள். தப்பிக்காதவர், முதல் மாடியில் தனியாக இருந்த தையல்காரம்மா.

அந்த அம்மாள் முன்னறையிலேயே மெஷின்களைப் போட்டுத் தைப்பார். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அடுத்த மழைக்காலத்தில் அவருடைய வாசல் கதவு ஊறிப்போய் நிலையோடு கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. அத்தான் அதைப் பார்த்துவிட்டார். "வேண்டாங்க, வெயில் வந்தா சரியாயிடும்" என்று அவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் வேண்டாம் என்ற சொல் அத்தானின் காதுக்குள் போனதாக வரலாறு இல்லை. இழைப்புளியோடு போய், பூட்டுப் பக்கத்து விளிம்பை மேலிருந்து கீழ்வரை சீவி, பூட்டின் நாக்கு நுழையும் ஓட்டையையும் உளியால் பெரிதாக்கி, "இனிமே வெண்ணெய் மாதிரி மூடும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெயில் வந்தது. மரம் சுருங்கியது. பூட்டின் நாக்கு ஓட்டைக்குள் நகக்கண் அளவுதான் நுழைந்து நின்றது. சாவி திரும்பும், டக்கென்று சத்தமும் வரும். பூட்டிவிட்டோம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஒரு பிற்பகலில் தையல்காரம்மா நூல் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் எவனோ வந்து கதவைத் தள்ளியிருக்கிறான். திறந்துகொண்டது. ஓரம் அடிக்கும் சின்ன மெஷினையும், தைத்து மடித்துக் கட்டி வைத்திருந்த ஊரார் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்த அந்த அம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். திருடு போனது தன் பொருளாக இருந்தால் அழுது தீர்க்கலாம். மற்றவர்களுடைய துணிக்கு வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

அன்று மாலை கட்டடச் சங்கத்தின் செயலாளர் எல்லோரையும் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டினார். வாட்ச்மேன் அந்த நேரத்தில் வாசலில் இல்லை என்பது பேச்சு. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லிச் செயலாளரே அனுப்பியதால் அவர் பின்பக்கம் போயிருந்தார். அதைச் செயலாளர் சொல்லவில்லை. வாட்ச்மேன் சொன்னது எடுபடவில்லை. பூட்டு உடையவில்லை, கதவில் கீறல் இல்லை, அதனால் வாட்ச்மேனுக்குத் தெரிந்த ஆள் மாற்றுச் சாவி போட்டிருப்பான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அத்தான் எழுந்தார். அந்தக் கதவைச் சீவியது தான்தான் என்று சொல்லத்தான் எழுகிறார் என்று அக்கா நினைத்தாளாம். பாவம், அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு அவரைப் பற்றி நல்லெண்ணம் மிச்சம் இருந்திருக்கிறது.

"இருபத்தஞ்சு வருஷம் தரம் பார்த்தவன் சொல்றேன். ஆளைத் தள்ளுங்க. பொறுப்பில்லாத ஆள்" என்றார் அத்தான்.

வாட்ச்மேன் சீருடைச் சட்டையைக் கழற்றி, மடித்து, மோட்டார் அறைத் திட்டில் வைத்துவிட்டு, பனியனோடு தெருவில் இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்ததும் தையல்காரம்மா அக்காவைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டியிருக்கிறார். பூட்டிவிட்டு உள்ளங்கையால் தள்ளினார், திறந்தது. அக்கா மேலே வந்து அத்தானிடம் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை அவள் எனக்குப் போன் செய்து, அந்தப் பேச்சை அப்படியே சொன்னாள்.

"அந்தக் கதவு நீங்க சீவினதுதானே?"

"எந்தக் கதவா இருந்தாலும் தள்றவன் தள்ளினா திறக்கும்."

"நாளைக்குப் போய் செயலாளர்கிட்ட சொல்லிடுங்க. அந்த ஆள் வேலை போயிடுச்சு."

"அவனுக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு வேற பேர் கிடைக்குமா?"

அவருக்கு இருந்த பேர் எது என்று நான் மேலே சொல்லியிருக்கிறேன். அதைக் காப்பாற்றத்தான் ஒரு குடும்பஸ்தனின் பிழைப்பைக் கெடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கொஞ்சமாவது கை நடுங்கும். இவர் அந்தச் சோற்றையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாராம்.

நான் உடனே கிளம்பிப் போனேன். அக்கா கூடத்தில் தலைவாரிப் பின்னிக்கொண்டு தயாராக இருந்தாள். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "முதல் மாடிக்குக் கொஞ்சம் வாங்க. எதிர்வீட்டு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டு, கூப்பிடாதவர்களும் வந்தார்கள். பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அத்தானும் பின்னாலேயே வந்தார். தன் நிபுணத்துவம் தேவைப்படும் என்று நினைத்திருப்பார்.

தையல்காரம்மா வெளியே வந்து நின்றார். அக்கா கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் செயலாளர் கையில் கொடுத்தாள்.

"பூட்டியிருக்கா பாருங்க."

செயலாளர் கைப்பிடியை லேசாக அசைத்துப் பார்த்தார். "பூட்டித்தாம்மா இருக்கு."

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தோளால் ஒரு இடி இடித்தாள். கதவு போய் உள்சுவரில் மோதியது.

"சாவி உங்க கையிலதான் இருக்கு. வாட்ச்மேன் இந்தக் கட்டடத்துலயே இல்ல. இதைச் சீவி இப்படி ஆக்கினவர் என் வீட்டுக்காரர். இந்தம்மா வேண்டாம்னு சொல்லியும் வந்து செஞ்சார். நேத்து அவருக்கும் தெரியும், சொல்லல" என்றாள் அக்கா.

எல்லோரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மனிதன் மனிதனாக நடந்துகொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் கண்ணைச் சுருக்கிக் கதவைப் பார்த்தார்.

"கீல் மட்டமான கீல்" என்றார்.

யாரும் சிரிக்கக்கூட இல்லை. எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டுக்குப் போய்விட்டார். செயலாளர் சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, தான் அனுப்பித்தான் வாட்ச்மேன் மோட்டார் போடப் போனார் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பயத்தில் சொன்னாரா, வெட்கத்தில் சொன்னாரா தெரியாது. எப்படியோ சொன்னார். அத்தானை விட அந்த அளவுக்கு அவர் மேல்.

வாட்ச்மேனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, வரச் சொன்னார்கள். அவர் அதற்குள் தெரிந்தவர் மூலமாக ஒரு மருத்துவமனை வாசலில் சேர்ந்திருந்தார். "இங்க உக்கார ஒரு நாற்காலி குடுத்திருக்காங்க சார். நான் வரல" என்று சொல்லி வைத்துவிட்டார். நியாயம் நடந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்த மனிதர் பனியனோடு தெருவில் நடந்தது நடந்ததுதான்.

மூட்டைத் துணிக்குப் பதில் சொல்லும் வேலையை அக்கா பங்கு போட்டுக்கொண்டாள். தையல்காரம்மாவோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "தப்பு எங்க வீட்டுல" என்று அவளே முதலில் சொன்னாள். சிலர் திட்டினார்கள், சிலர் டீ கொடுத்தார்கள். புதிதாகத் துணி வாங்கித் தைக்க வேண்டியிருந்ததில், பொத்தான் வைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அக்கா செய்தாள். வேலை முடிந்த பிறகும் பிற்பகலில் அங்கே போவதை அவள் நிறுத்தவில்லை.

பிறகு தன் வீட்டுக் கதவுகளுக்கு வந்தாள். தெருமுனைத் தச்சர், "அந்த வீடா, ஆளை விடுங்க" என்று மறுத்துவிட்டார். வேறொருவரைக் கூட்டிவந்தோம். அவர் படுக்கையறைக் கதவைப் பார்த்தார், குளியலறைக் கதவைப் பார்த்தார், நிலையில் இருந்த பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"யாரும்மா இதை இப்படிக் கொலை பண்ணினது?"

அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "முன்ன ஒரு தச்சன் வந்தான், ஒண்ணும் தெரியாதவன்" என்றார்.

"அந்தத் தச்சன் இன்னும் போகல. அதோ பேப்பர் படிக்கறார்" என்றாள் அக்கா.

வந்தவர் பேப்பரைப் பார்த்தார். பேப்பர் தலைகீழாக எல்லாம் இல்லை, நேராகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் திருப்பும் சத்தம் அதற்குப் பின் கேட்கவே இல்லை. இரண்டு கதவுகள் தேறாது, புதிதாகத்தான் போட வேண்டும் என்றார் தச்சர். மற்றவற்றுக்கு அடியில் மரச்சட்டம் ஒட்டி, கீல்களை இறுக்கி, நிலையின் பொந்துகளை அடைத்துப் புது ஓட்டை போட்டார். வேலை நடந்தபோது அத்தான் ஒரே ஒரு தடவை எழுந்து வந்து, "கொஞ்சம் இடது பக்கம்" என்றார். தச்சர் நிமிர்ந்து பார்க்காமலே, "நீங்க உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது குளியலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. கட்டிலடிப் பூனைகள் தாங்களாகவே வேறு வீடு பார்த்துக்கொண்டன. அத்தான் இப்போது பூங்காவில் போய் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் இந்தக் காலத்துக் கட்டடங்களின் தரத்தைப் பற்றிப் பேசுகிறார். தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

அக்கா இரவுச் சமையலுக்கு முன் கொஞ்ச நேரம் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். ஒருநாள் நானும் கூடப் போய் உட்கார்ந்து, அப்படி உள்ளே என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தான் வெளியிலிருந்து கதவைத் தட்டினார். மரியாதை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், தள்ளிப் பார்த்துத் திறக்கவில்லை, அதனால் தட்டினார். டீ வேண்டுமாம். அக்கா எழுந்திருக்கவில்லை. பால் அடுப்பு மேடையில் இருக்கிறது, சர்க்கரை வலப்பக்க டப்பாவில் இருக்கிறது என்று உள்ளிருந்தபடியே சொன்னாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.